கத்தியும் கணக்கும்
(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா மேடையில் இசையைப் பற்றியோ இலக்கியத்தைப் பற்றியோ பேசுவதே வழக்கம். இவ்வாண்டு, புற்றுநோய்க்குச் செய்யப்படும் அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேச நாம் அனுமதி கோரினோம். காரியதரிசி அவர்கள் சற்றுத் தயங்கிப் பின்னர் இசைந்தார்கள். தயங்கியதில் வியப்பில்லை. அந்நோயின் பெயரை வாய்விட்டுச் சொல்லவும் அஞ்சி, "அந்த வியாதி" என்று மட்டும் குறிப்பிடும் குடும்பங்கள் நம் காலனியிலும் உண்டு.

மெட்ரிகுலேஷன் தேறி, ரயில்வே ஆபீஸில் பேரேடும் பில்லும் பார்த்துக் காலங்கழிக்கும் குமாஸ்தாவுக்கு மருத்துவம் பேச என்ன தகுதி என்று சிலர் எண்ணக்கூடும். வைத்தியம் சொல்ல நாம் இங்கு வரவில்லை. ஆயினும், புற்றுநோயில் கத்தி எவ்வளவு வெட்ட வேண்டும் என்னும் வழக்கு நூறாண்டுக்கு மேலாக நடந்து வருகிறது. அந்த வழக்கில் பெரிய டாக்டர்களின் புகழோ, சாமர்த்தியமோ தீர்ப்புச் சொல்லவில்லை. நோயாளிகளை ஒருவர் பின் ஒருவராக, ஆண்டுக்கணக்கில் எண்ணி வந்த கணக்கே தீர்ப்புச் சொன்னது. கணக்கைப் பற்றிப் பேசக் குமாஸ்தாவுக்கும் சிறிது உரிமை உண்டன்றோ?

முதலில் மார்பகப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். இன்று இந்திய நாட்டுப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர் இருந்தார். அவர் 1894-ஆம் ஆண்டில், தாம் 50 பெண்களுக்குச் செய்த சிகிச்சையின் விவரத்தை வெளியிட்டார். மார்பகம் முழுவதையும், அதன் கீழுள்ள நெஞ்சுத் தசைகளையும், அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களையும் ஒருசேர அகற்றிவிடுவது அவருடைய முறை. நிணநீர்க் கணுக்கள் என்றால் யாவை? கையில் புண் வந்தால் அக்குளில் நெறி கட்டியிருக்கிறது என்கிறோமே, அவைதாம்.

இத்தனை பெரிய வெட்டு எதற்காக? வண்டி ஒவ்வொரு ஸ்டேஷனாக நின்று செல்வதுபோல், நோய் மார்பகத்திலிருந்து அக்குளுக்கும், அக்குளிலிருந்து அப்பாலும் ஒழுங்காகப் பரவுகிறது என்பது அவருடைய கொள்கை. அப்படியானால் அடுத்த ஸ்டேஷன் வரை தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டால் வண்டி மேலே செல்ல முடியாது. கேட்பதற்குப் பொருத்தமான வாதம். மேலும், அக்காலத்தில் பெண்கள் பெரிய கட்டிகளுடன் வந்தார்கள். சிறிய சிகிச்சைக்குப் பின் அதே இடத்தில் நோய் மீண்டும் தலைகாட்டியது. ஹால்ஸ்டெட் முறையில் அது வெகுவாகக் குறைந்தது. ஆகவே உலகம் அவரைப் பின்பற்றியது. அவருக்குப் பின் வந்தோருள் சிலர், விலா எலும்பின் பகுதிகளையும் சேர்த்து எடுக்கும் அளவுக்குச் சென்றனர்.

ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் இம்முறை கோலோச்சியது. பெண்கள் உயிர் பிழைத்தார்கள். ஆனால் குழிந்த நெஞ்சுடனும், தூக்க முடியாத தோளுடனும், வீங்கிப் பருத்த கையுடனும் எஞ்சிய நாட்களைக் கழித்தார்கள். நம் பாட்டிமார் காலத்தில் இச்சிகிச்சை பெற்றவரைக் கண்ட எவருக்கும் கத்தியின்மீது அச்சம் பிறந்தது இயல்பே. அவ்வச்சம் தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

இனி, கணக்கு எப்படி வந்தது என்பதைப் பார்ப்போம். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்து டாக்டர் பெர்னார்ட் ஃபிஷர் என்பவர், ஹால்ஸ்டெட்டின் கொள்கையையே ஐயுற்றார். நோயின் அணுக்கள் ஸ்டேஷன் ஸ்டேஷனாகச் செல்வதில்லை. தொடக்கத்திலேயே இரத்த ஓட்டத்தின் வழியே உடலெங்கும் செல்லக்கூடும். அவ்வாறாயின் மார்பில் மேலும் மேலும் வெட்டுவதால் பயன் என்ன என்று கேட்டார். கேட்டதோடு நில்லாமல், 1971-ஆம் ஆண்டில் ஒரு பெரும் ஆய்வைத் தொடங்கினார். 1,600-க்கு மேற்பட்ட பெண்கள் அதில் பங்கு கொண்டனர். ஒரு சாராருக்கு ஹால்ஸ்டெட் முறை. பிறருக்குத் தசைகளை விட்டுவிட்டு மார்பகத்தை மட்டும் எடுக்கும் முறை.

யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை டாக்டரும் தீர்மானிப்பதில்லை, நோயாளியும் தீர்மானிப்பதில்லை. நோயாளியின் சம்மதத்தைப் பெற்ற பின், சீட்டுக் குலுக்கிப் போடுவது போன்ற ஒரு முறையால் அது முடிவாகிறது. இது கொடுமையன்றோ என்று தோன்றலாம். ஆனால் டாக்டரே பொறுக்கினால், நோய் இலேசானவர்களுக்குச் சிறிய சிகிச்சையும், முற்றியவர்களுக்குப் பெரிய சிகிச்சையும் போய்ச் சேரும். பிறகு இரண்டையும் ஒப்பிட்டால் அக்கணக்கு பொய்க் கணக்காகிவிடும். திடகாத்திரமானவர்களை ஒரு பந்தியிலும் நோஞ்சான்களை மறு பந்தியிலும் அமர்த்திவிட்டு, எந்தப் பந்திச் சாப்பாடு உடம்புக்கு நல்லது என்று கேட்டால் விடை சரியாக வருமா?

25 ஆண்டுகள் எண்ணினார்கள். பெரிய வெட்டுப் பெற்றவர்கள் கூடுதலாக வாழவில்லை. 1976-இல் ஃபிஷர் அடுத்த ஆய்வைத் தொடங்கினார். மார்பகம் முழுவதையும் எடுப்பது ஒரு முறை. கட்டியை மட்டும் எடுப்பது மற்றொரு முறை. கட்டியை எடுத்துக் கதிரியக்கச் சிகிச்சையும் தருவது மூன்றாம் முறை. இதே காலத்தில் இத்தாலியில் மிலான் நகரத்து டாக்டர் உம்பெர்ட்டோ வெரோனேசி 701 பெண்களிடம் இதையொத்த ஆய்வை நடத்தினார். இவ்விரு ஆய்வுகளின் இருபதாண்டு முடிவுகளும் 2002-ஆம் ஆண்டில் ஒருசேர வெளிவந்தன. மார்பகத்தை இழந்தவர்களும் காத்துக்கொண்டவர்களும் ஒரே அளவில் உயிர் வாழ்ந்தனர் என்பதே இரண்டின் முடிவும்.

ஆனால் ஒரு குறிப்பையும் விட்டுவிடலாகாது. ஃபிஷரின் ஆய்வில், கட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு கதிரியக்கம் பெறாதவர்களில் 100-க்கு 39 பேருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. கதிரியக்கமும் பெற்றவர்களில் 100-க்கு 14 பேருக்கே திரும்பியது. ஆகவே "கட்டியைத்தான் எடுத்தாயிற்றே, இனிக் கதிரியக்கம் எதற்கு" என்று பாதியில் நின்றுவிடுவது தகாது. சிறிய வெட்டு என்பது முழுச் சிகிச்சையின் ஒரு பகுதி.

மார்பகத்துக்குப் பின் வழக்கு அக்குளுக்குச் சென்றது. அக்குளில் உள்ள கணுக்களை எல்லாம் எடுத்தால் சிலருக்குக் கை வீங்கிவிடுகிறது. நீர் சுமக்கவும் மாவு பிசையவும் இயலாமற் போகிறது. எனவே, ஒரு சாயத்தையோ கதிரியக்கப் பொருளையோ செலுத்தி, அது முதலில் சென்று சேரும் ஓரிரு கணுக்களை மட்டும் கண்டறிந்து எடுத்துச் சோதிக்கும் முறை 1990-களில் வழக்குக்கு வந்தது. வாசற் காவலர் போன்ற அக்கணுக்களில் நோய் இல்லையெனில் மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை. ஓரிரண்டில் நோய் இருந்தாலும், மார்பகத்தைக் காத்துக் கதிரியக்கம் பெறும் பெண்களுக்கு எஞ்சியவற்றை எடுப்பதால் ஆயுள் கூடவில்லை என்று 891 பெண்களைக் கொண்ட ஓர் ஆய்வு 2011-இல் காட்டியது. 2023-இல் மற்றோர் ஆய்வு வெளிவந்தது. 2 சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டியும், ஸ்கேனில் குற்றமற்ற அக்குளும் உடைய 1,405 பெண்களில் ஒரு சாராருக்கு அக்குளில் கத்தியே வைக்கவில்லை. ஐந்தாண்டு முடிவில், நோய் உடலின் வேறிடங்களுக்குப் பரவாமல் இருந்தோர் இரு சாராரிலும் 100-க்கு ஏறத்தாழ 98 பேர்.

அன்பர்களே, இவ்வளவு எண்களை ஏன் அடுக்குகிறோம் என்று கேட்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் நம் காலனியில் இருந்த ஓர் அம்மையார் - நாமெல்லாம் அக்கா என்றே அழைப்போம் - மார்பில் கட்டி ஒன்று இருப்பதை எட்டு மாதங்கள் எவரிடமும் சொல்லவில்லை. கொலு வந்தது, பொங்கல் வந்தது. எல்லா வீட்டுக்கும் வந்து சிரித்துப் பேசிச் சென்றார்கள். இறுதியில் வலி பொறுக்காமல் கணவரிடம் சொன்னபோது நோய் எலும்புக்குச் சென்றிருந்தது. "ஏன் அக்கா, முன்னமே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்று நம் இல்லத்தார் கேட்டதற்கு, "அறுத்து எடுத்துவிடுவார்கள் என்று பயந்தேன், தம்பி பெண்டாட்டியே, அறுத்தவர்கள் யாரும் பிழைத்ததாகவும் கேள்விப்படவில்லை" என்றார்கள். முதல் மாதத்தில் அக்கட்டி ஒரு பட்டாணி அளவுதான் இருந்ததாம். அன்றே சென்றிருந்தால் மார்பகத்தை எடுக்கவேண்டிய தேவையே பெரும்பாலும் ஏற்பட்டிராது. அவர்கள் அஞ்சியது ஹால்ஸ்டெட்டின் கத்திக்கு. அந்தக் கத்தி உறைக்குள் சென்று நெடுங்காலமாயிற்று என்பதை அவர்களுக்குச் சொல்வார் இல்லை.

கத்தி பட்டால் நோய் பரவிவிடும் என்பதும், ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்தால் கிளம்பிவிடும் என்பதும் நம்மிடையே வேரூன்றிய எண்ணங்கள். இவை எவ்வாறு தோன்றின? மக்கள் காலங்கடந்து செல்கிறார்கள். முற்றிய நிலையில் அறுவை நடக்கிறது. சில மாதங்களில் இறக்கிறார்கள். பார்ப்பவர்கள் பழியைத் தாமதத்தின்மேல் போடாமல் கத்தியின்மேல் போடுகிறார்கள். மார்பிலும் வாயிலும் தோன்றும் கட்டிகளுக்குச் சதைப் பரிசோதனை இன்றியமையாதது. எந்த வகை நோய், எவ்வளவு வெட்டலாம், முதலில் மருந்தா அறுவையா என்பதெல்லாம் அச்சோதனைக்குப் பின்னரே முடிவாகின்றன.

இதுகாறும் கேட்டவர்கள், குறைவாக வெட்டுவதே எப்போதும் நல்லது என்று முடிவு கட்டிவிடலாகாது. கணக்கு எதிர்ப்பக்கமும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

புகையிலையும் பாக்கும் குட்காவும் மலிந்த நம் நாட்டில் ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய் மிகுதி. இந்த ஊரில் நம் பிள்ளைகள் சிலரும் அப்பழக்கத்தைக் கற்றுக்கொண்டிருப்பதை நாம் அறிவோம். வாயில் சிறு புற்று. கழுத்தில் நெறி ஏதும் தென்படவில்லை. இந்நிலையில் வாய்ப் புற்றை அகற்றும்போதே கழுத்துக் கணுக்களையும் எடுத்துவிடலாமா, அல்லது நெறி தோன்றினால் பிறகு எடுத்துக்கொள்ளலாமா என்று உலகெங்கும் டாக்டர்கள் பல்லாண்டுகள் வாதிட்டனர். மும்பையில் 1941-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற டாட்டா நினைவு மருத்துவமனையில், டாக்டர் அனில் டிக்ரூஸ் அவர்களும் அவருடைய குழுவினரும் இதற்கு விடை கண்டனர். 500 நோயாளிகளின் கணக்கு 2015-இல் வெளிவந்தது. உடனே கழுத்தையும் சுத்தம் செய்து கொண்டவர்களில் மூன்றாண்டு முடிவில் 100-க்கு 80 பேர் உயிருடன் இருந்தனர், காத்திருந்தவர்களில் 67.5 என்ற விகிதமே. இங்கே கூடுதலாக வெட்டியதே உயிர் காத்தது. இந்தியர்கள் பங்கு கொண்டு, இந்திய மருத்துவர்கள் கண்ட முடிவை உலகம் ஏற்றுக்கொண்டது என்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

மற்றொன்று, கருப்பை வாய்ப் புற்றுநோய். வயிற்றைப் பெரிதாகத் திறந்து அறுவை செய்வது பழைய முறை. சிறு துளைகளின் வழியே கருவி செலுத்தியும், யந்திரக் கைகளான ரோபோட்டின் துணை கொண்டும் செய்வது புதிய முறை. தழும்பு சிறிது, வலி குறைவு, வீடு திரும்புவதும் விரைவு. புதியதே மேல் என்று எல்லோரும் நம்பினர். பல நாடுகளில் 33 மருத்துவமனைகளில் 631 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வு 2018-இல் வெளியானபோது மருத்துவ உலகம் திடுக்கிட்டது. நான்கரை ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் நலமாக இருந்தவர்கள் பழைய முறையில் 100-க்கு 96.5, புதிய முறையில் 86. பல மருத்துவமனைகள் மீண்டும் திறந்த அறுவைக்கே திரும்பின. துளை வழி அறுவை வேறு சில புற்றுநோய்களில் நல்ல பலன் தருகிறது, இதில் தரவில்லை. புதுமை என்பதற்காக ஒன்றை ஏற்பதும், பழமை என்பதற்காக ஒன்றைத் தள்ளுவதும் தவறு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? அதே நோயில், 2 சென்டிமீட்டருக்கு மேற்படாத சிறு கட்டியாக இருந்தால் சுற்றியுள்ள திசுக்களை விட்டுவிட்டுக் கருப்பையை மட்டும் எடுத்தாலே போதும் என்று 700 பெண்களைக் கொண்ட ஆய்வு ஒன்று 2024-இல் காட்டியிருக்கிறது. ஒரே உறுப்பில், ஒரு கேள்விக்கு ஒரு விடை. மற்றொரு கேள்விக்கு மற்றொரு விடை.

இன்னும் முடியாத வழக்குகளும் சில உண்டு. மலக்குடலின் கீழ்ப்பகுதியில் புற்று வந்தால் அப்பகுதியை அகற்றி, வயிற்றில் துளையிட்டு, வாழ்நாள் முழுவதும் பை கட்டிக்கொள்ள நேரிடலாம். பிரேசில் நாட்டில் சாவோ பாலோ நகரத்துப் பெண் டாக்டர் ஆஞ்ஜெலிட்டா ஹப்ர்-காமா, கதிரியக்கமும் மருந்தும் கொடுத்தபின் கட்டி அடியோடு மறைந்துவிட்டவர்களுக்கு அறுவை செய்யாமல் கண்காணித்து வந்தார். 265 பேரில் 71 பேருக்குக் கட்டி இவ்வாறு மறைந்ததை அவர் 2004-இல் அறிவித்தார். இன்று பல நாடுகளில் இம்முறை பின்பற்றப்படுகிறது. ஆயினும், இவ்வாறு காத்திருப்போரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குக் கட்டி மீண்டும் முளைக்கிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை தவறாமல் சோதனைக்கு வருபவருக்கே இது பொருந்தும். சம்பளத்தில் விடுப்பு வெட்டும், தொலைதூரப் பயணமும் உள்ள நம் போன்ற குடும்பங்களில் அது இயலுமா என்பதே நம் நாட்டில் எழும் கேள்வி.

மும்பை டாட்டா மருத்துவமனையின் டாக்டர் ராஜேந்திர பட்வே அவர்களும் குழுவினரும் 2023-இல் வெளியிட்ட ஆய்வு மற்றொன்று. கத்தி படும் வேளையில் நோயணுக்கள் கிளம்பக்கூடுமோ என்னும் ஐயத்தை அவர்கள் எள்ளி நகையாடவில்லை; சோதித்துப் பார்த்தார்கள். பல் பிடுங்கும்போது மரத்துப்போகப் போடுவார்களே, அத்தகைய மலிவான ஊசி மருந்தை அறுவைக்குச் சில நிமிடங்களுக்கு முன் மார்பகக் கட்டியைச் சுற்றிலும் செலுத்தினர். ஏறத்தாழ 1,600 பெண்கள் பங்கு கொண்டனர். ஐந்தாண்டு முடிவில் ஊசி பெற்றவர்களில் 100-க்கு 90.1 விகிதமும், பெறாதவர்களில் 86.4 விகிதமும் உயிருடன் இருந்தனர். வேறோர் ஆய்வாலும் இது உறுதிப்பட வேண்டும் என்போர் உளர். இத்தனை மலிவான, தீங்கற்ற மருந்துக்குத் தயக்கம் ஏன் என்போரும் உளர்.

அவர்களே 2015-இல் வெளியிட்ட வேறோர் ஆய்வையும் சொல்லியாக வேண்டும். நோய் ஏற்கனவே எலும்புக்கோ ஈரலுக்கோ பரவிவிட்ட 350 பெண்களில், மார்பகத்தை அகற்றியதால் ஆயுள் நீளவில்லை என்று அது காட்டியது. ஆகவே இத்தகைய நிலையில் "ஆபரேஷன் வேண்டாம்" என்று டாக்டர் சொன்னால், கைவிட்டுவிட்டார் என்று பொருளல்ல. மருந்தும் வலி நீக்கமும் தொடர்கின்றன. நகையை விற்று, அறுத்தே தீர்வேன் என்னும் மற்றொருவரைத் தேடி ஓடவேண்டியதில்லை.

இவற்றால் நாம் கொள்ளத்தக்கவை யாவை? கட்டியோ, மூன்று வாரங்களில் ஆறாத வாய்ப்புண்ணோ, காலந்தவறிய உதிரப்போக்கோ கண்டால் மறைத்து வைத்தலாகாது. டாக்டரிடம் மூன்று கேள்விகளை அஞ்சாமல் கேட்கலாம். சதைப் பரிசோதனை முடிவு என்ன? எந்த அளவு அறுவை, ஏன் அந்த அளவு? அறுவை, கதிரியக்கம், மருந்து ஆகிய மூன்று துறையினரும் சேர்ந்து இதைப் பார்த்தார்களா? நல்ல டாக்டர் இக்கேள்விகளால் சினம் கொள்ளமாட்டார்.

சிகிச்சைக்குச் சொந்த ஊருக்கே போகவேண்டும் என்று டிக்கெட்டுக்கும் விடுப்புக்கும் காத்துக் காலம் கடத்துவோரும் நம்மில் உளர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் அருமுயற்சியால் 1954-இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை நம் அனைவருக்கும் பெருமை தருவதே. ஆனால் டாட்டா நினைவு மையத்தின் மருத்துவமனைகள் இன்று மும்பையில் மட்டுமன்றி வாரணாசி, சங்ரூர், குவாஹாட்டி, விசாகப்பட்டினம் ஆகிய ஊர்களிலும் உள்ளன. அருகில் உள்ளதை நாடுவதே அறிவுடைமை. நம் ரயில்வேயும் தன்னால் இயன்றதைச் செய்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சைக்குச் செல்பவருக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.ஸி. வகுப்பிலும் கட்டணம் இல்லை. உடன் செல்லும் ஒருவருக்கு 75 சதவீதம் சலுகை. மருத்துவமனையின் சான்று உரிய படிவத்தில் இருத்தல் வேண்டும். பாஸ் இல்லாத உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் இச்செய்தியைச் சொல்லுங்கள். படிவம் நிரப்ப உதவி வேண்டுவோர் எந்த நேரத்திலும் நம் குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டலாம்.

இறுதியாக ஒன்று. ஹால்ஸ்டெட், ஃபிஷர், வெரோனேசி, பட்வே என்று பெயர்களைச் சொன்னோம். ஆனால் சீட்டில் எது விழுந்தாலும் சம்மதம் என்று கையொப்பமிட்டு, இருபது ஆண்டுகள் தவறாமல் வந்து தங்கள் பெயரைப் பதிவு செய்துகொண்ட ஆயிரமாயிரம் பெண்களின் பெயரை எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. இன்று ஒரு தாய் மார்பகத்தை இழக்காமல் வீடு திரும்புகிறாள் என்றால், கைவீக்கம் இன்றிக் குழந்தையைத் தூக்குகிறாள் என்றால், அது அவர்கள் இட்ட கொடை. அக்கொடையைப் பெற்றுக்கொள்ள நாம் செய்யவேண்டியது, உரிய காலத்தில் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்வது மட்டுமே.